இரண்டு பக்கமும்

இந்தப் பெட்டி உங்கள் முழங்காலில் இடிக்கிறதா? கொஞ்சம் தள்ளி உட்காருங்கள் சார், நான் மடியிலேயே வைத்துக்கொள்கிறேன். மேலே கம்பித் தட்டில் வைக்கச் சொல்லி கண்டக்டர் முறைத்துவிட்டுப் போகிறார். அங்கே வைக்க முடியாது. உள்ளே ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. இந்த மலைப்பாதை வளைவில் ஒரு தடவை உருண்டு விழுந்தால் போதும், எங்கள் குடும்பமே போய்விடும்.

சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன். என் கல்யாண போட்டோவிலிருந்து போன மாதம் கட்டிய கரண்ட் பில் வரைக்கும் எல்லாம் இதற்குள்தான். இதற்கு வீட்டு சர்வர் என்று பெயர். பெரிய கம்பெனிகளில் ஒரு அறை முழுக்க ஏசி போட்டு வைத்திருப்பார்களே, அதையே வீட்டளவுக்குச் சுருக்கியது. கடையில் வாங்கியதில்லை, நானே செய்தேன். ஆபீசில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, டிஸ்க் மாட்டி, பரணில் இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில் வைத்தேன். வீட்டில் இருக்கிற போன், கம்ப்யூட்டர் எல்லாவற்றிலும் என்னென்ன இருக்கிறதோ அதையெல்லாம் தினமும் தானாக நகல் எடுத்துக்கொள்ளும். பேக்கப். எடுத்து முடித்ததும் என் போனுக்கு ஒரு பச்சை டிக் வரும். காலையில் காபிக்கு முன்னால் அதைப் பார்த்துவிட வேண்டும் எனக்கு. பார்த்தால்தான் காபி இறங்கும்.

என் வீட்டுக்காரி மரகதத்துக்கு இது பிடிக்காது. யார் வந்தாலும், "பரண்ல ஒரு மருமகனக் கொண்டாந்து ஒக்கார வச்சிருக்காருங்க. திங்கறதுமில்ல, பேசறதுமில்ல, எந்நேரமும் உறுமிட்டே இருக்கான்" என்பாள். சொல்லட்டும். போன வருஷம் அவள் போன் கிணற்றடியில் விழுந்து நொறுங்கியபோது, அவளுடைய அண்ணன் பேத்தி காது குத்தின போட்டோவெல்லாம் எங்கேயிருந்து வந்தது? பரணிலிருந்துதானே வந்தது?

நான் தொலைபேசி இலாகாவில் இருந்தவன். எங்கள் எக்ஸ்சேஞ்சில் ஒரு தடவை தீப்பிடித்தது. இணைப்பு விவரமெல்லாம் இருந்த டேப் எரிந்து உருகிவிட்டது. எல்லோரும் தலையில் கைவைத்து நின்றார்கள். என் மேஜையில் மட்டும் இன்னொரு நகல் இருந்தது. யாரும் சொல்லாமல் நானாக எடுத்து வைத்தது. பெரிய அதிகாரி வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார், "திருமலைச்சாமி, நீ மனுசன்யா" என்றார். அந்தக் கையை அன்றைக்கு முழுக்க நான் கழுவவில்லை. அப்போதிருந்து நான் எதையும் தொலைத்ததில்லை சார். இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் என் மகளைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லுவாள். சொன்னால்கூடப் பரவாயில்லை. பேசுவதே இல்லை.

கௌசிகா என்று பெயர். ஒரே பெண். நல்ல பிள்ளை, சத்தமாகக்கூடப் பேசமாட்டாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் எழுந்திரு என்றால் எழுந்து நின்று தரையைப் பார்ப்பாளாம். நானும் பிளஸ் டூ முடித்ததும் கம்ப்யூட்டர் எடு, கைநிறையச் சம்பளம் என்று சொன்னேன். அவள் விலங்கியல் எடுத்தாள். சரி, டீச்சர் வேலைக்குப் போவாள் என்று விட்டுவிட்டேன். அது எம்.எஸ்ஸி.யாகி, அதற்கும் மேலே ஆராய்ச்சியாகி, கடைசியில் எதில் வந்து நின்றது என்கிறீர்கள்? தவளையில். தவளை கத்துவதில்.

இந்த மலைக்குத்தான் வருவாள். மழைக்காலம் ஆரம்பித்தால் போதும், ரெயின்கோட்டும் மைக்கும் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அட்டை கடித்த காலோடு திரும்பி வருவாள். மரகதம் மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டுத் திட்டுவாள், "ஏண்டி அம்மிணி, நம்மூரு வாய்க்கால்ல கத்தாத தவளையா?" என்று. இவள் சிரிப்பாள். அவ்வளவுதான் பதில்.

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தானாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். "அப்பா, ஒண்ணு கேக்கறீங்களா?" என்று ஹெட்போனை என் காதில் மாட்டினாள். மழைச் சத்தம், ஓடைச் சத்தம். அதற்கு நடுவில், எவர்சில்வர் டம்ளரை ஸ்பூன் காம்பால் மெதுவாகத் தட்டுவது போல ஒரு சத்தம். மூன்று தட்டு. ஒரு நிறுத்தம். அப்புறம் ஒரே ஒரு தட்டு. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் அதே மாதிரி.

"யாரு பாத்திரம் களுவறாங்க?" என்றேன்.

"தவளைங்கப்பா. இந்த மாதிரிக் குரல் எந்தத் தவளைக்கும் இல்ல. எங்க கைடு எங்கெங்கயோ அனுப்பிக் கேட்டுட்டாரு, யாருக்கும் தெரியல. அந்த ஒரு ஓடையில மட்டுந்தான் கேக்குது."

"பாக்கறதுக்கு எப்படி இருக்கும்?"

"இன்னும் கண்ணுல படலைங்கப்பா. குரல் மட்டுந்தான்."

கண்ணில் படாத தவளைக்கு மூன்று மழைக்காலம்! நீங்கள் வாத்தியார் என்றீர்களே, நீங்களே சொல்லுங்கள். ஆனால் அவளிடம் அதைக் கேட்கவில்லை. "நல்லா இருக்குது கண்ணு" என்றேன். அப்போது அவள் லேப்டாப் திரையில் பார்த்தேன், மழை ஒன்று, மழை இரண்டு, மழை மூன்று என்று மூன்று ஃபோல்டர் வைத்திருந்தாள். அதற்குள் வரிசையாக இந்தக் கத்தல்கள். டிவியில் செய்தி முடிந்துவிட்டது. எழுந்து போய்விட்டாள்.

அந்த ஓடை இப்போது இல்லை. ஏதோ ரிசார்ட் கட்டுகிறார்கள் என்று திருப்பிவிட்டுவிட்டார்களாம். உங்களுக்குத் தெரிந்திருக்குமே, நீங்கள் அந்தப் பக்கம்தானே?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் மகளுடைய லேப்டாப்பில் ஒரு கோளாறு இருந்தது. கோளாறு என்றால் அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். ஒரே லேப்டாப்பில் இரண்டு சிஸ்டம் வைத்திருந்தாள். ஒரு பக்கம் எல்லோரையும் போல விண்டோஸ். இன்னொரு பக்கம் லினக்ஸ். ஆன் பண்ணினால் கறுப்புத் திரையில் ஒரு பட்டியல் வந்து, எந்தப் பக்கம் போகிறாய் என்று கேட்கும். ஒரு பக்கத்தில் இருக்கும்போது இன்னொரு பக்கம் இருப்பதே தெரியாது. ஒரே வாசல், உள்ளே இரண்டு வீடு. தவளைச் சத்தத்தை அலசிப் பார்க்கிற சாப்ட்வேர் அந்தப் பக்கம்தான் சரியாக ஓடும் என்பாள். விண்டோஸ் பக்கத்தின் பாஸ்வேர்டு எனக்குத் தெரியும், நான் வைத்துக் கொடுத்ததுதான். அந்தப் பக்கத்தின் பாஸ்வேர்டை அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டேன், ஒரு தடவை. "எதுக்குங்கப்பா?" என்றாள். அதோடு விட்டுவிட்டேன்.

போன ஐப்பசியில் மலையிலிருந்து காய்ச்சலோடு இறங்கி வந்தாள். சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்தோம். கண்ணெல்லாம் மஞ்சளாகி, நிற்க முடியாமல் போய், ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எலிக்காய்ச்சல் என்றார்கள். மரகதம் கூடவே இருந்தாள். நான் சாப்பாடு கொண்டு போவேன், கொஞ்சம் உட்காருவேன், வீட்டுக்கு வருவேன். வீட்டில் யாரும் இல்லை. அவள் அறைக்குள் போனால் மேஜைமேல் லேப்டாப். மலை ஈரத்தில் கிடந்து மூடி ஓரமெல்லாம் பூசணம். துணியால் துடைத்துக்கொண்டே யோசித்தேன். இது இன்றைக்கோ நாளைக்கோ நின்றுவிடும், இவள் படிப்பெல்லாம் இதற்குள் இருக்கிறது, ஒரு நகல் இல்லையே என்று. பெண் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது அப்பன் வேறு என்ன செய்ய முடியும்? டாக்டர் வேலையை நான் செய்ய முடியாது. எனக்குத் தெரிந்ததை நான் செய்தேன்.

பரண் சர்வரில் இடம் பத்தவில்லை. இன்னொரு டிஸ்க் வேண்டும். தேடினால் அவள் மேஜை டிராயரிலேயே ஒன்று இருந்தது. துணியில் சுற்றி, ஈரம் உறிஞ்சுகிற சின்னச் சின்னப் பொட்டலங்களோடு பத்திரமாக வைத்திருந்தாள். சும்மா கிடந்தது. என் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தேன். திறக்கவில்லை. இதைப் பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மட் பண்ண வேண்டும், பண்ணட்டுமா என்று கேட்டது. புது டிஸ்க்குக்குத்தான் அப்படிக் கேட்கும் சார். இத்தனை வருஷ அனுபவம் எனக்கு. பண்ணு என்றேன்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிகிறது. அது லினக்ஸ் பக்கத்துப் பதிவுகளை அவள் நகல் எடுத்து வைத்திருந்த டிஸ்க்காம். விண்டோஸுக்கு அதைப் படிக்கத் தெரியாது, அதனால் காலி மாதிரித் தெரியுமாம். எனக்கு அப்புறம்தான் தெரியும். டிஸ்க்மேல் ஒரு சீட்டு ஒட்டியிருக்கலாம் இல்லையா? என்னுடைய டிஸ்க் ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டியிருப்பேன்.

அன்றைக்குச் சாயங்காலம் கஞ்சி கொண்டு போனேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். உதடெல்லாம் வெடித்திருந்தது. "அப்பா, என்ற லேப்டாப்ப ஒண்ணும் பண்ணீராதீங்க" என்றாள்.

"பேக்கப்தான் கண்ணு எடுக்கப் போறேன். நீ தூங்கு."

"வேண்டாங்கப்பா. ரெண்டு பக்கமும் எடுக்கோணும். ஒரு பக்கத்துல இருந்து எடுத்தா இன்னொரு பக்கம் வராது. நான் வந்து எடுத்துக்கறேன். அந்தப் பக்கத்தத் தொடாதீங்க. டிராயர்ல ஒரு டிஸ்க் இருக்குது, அத மட்டும் பத்திரமாப் பாத்துக்குங்க."

"அதையெல்லாம் பாத்தாச்சு சாமி. அப்பன் இருக்கறப்ப எதுக்குக் கவல?"

அவள் நெற்றியில் கை வைத்தேன், கொதித்தது. நர்சிடம் கேட்டேன், "இந்தக் காய்ச்சல்ல உளறுவாங்களாம்மா?" என்று. "உளறுவாங்க சார், கண்டுக்காதீங்க" என்றது அந்தப் பெண். நர்சே சொன்னது. நானாகச் சொல்லவில்லை.

ஆனால் ஒரு வார்த்தை எனக்கு உறுத்தியது. அந்தப் பக்கத்தைத் தொடாதீங்க. அப்பனைப் பார்த்து ஒரு பெண்பிள்ளை இந்தப் பக்கம் வராதே என்றால் என்ன அர்த்தம்? அப்போது உடுமலையில் ஒரு நல்ல இடம் பேசி, பெண் பார்க்க வருவதாக இருந்தது. இவள் பிடி கொடுக்கவே இல்லை. அவளோடு ஆராய்ச்சி பண்ணுகிற பையன் ஒருத்தன், ஜோயல் என்று. மைக் தூக்க, ஜீப் ஓட்ட வருவான். மரியாதையான பையன்தான். வாசலோடு நின்று தண்ணீர் குடித்துவிட்டுப் போவான். நான் சந்தேகப்பட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். கவலைப்பட்டேன். லேப்டாப்பை ஆன் பண்ணி அந்தப் பக்கத்தின் கதவில் பாஸ்வேர்டாக அவன் பெயரைப் போட்டுப் பார்த்தேன். திறக்கவில்லை. அவன் ஊர்ப் பெயரைப் போட்டேன். அவள் பெயரையும் அவன் பெயரையும் சேர்த்துப் போட்டேன். என் பெயரைப் போட்டேன். மரகதம் பெயரைப் போட்டேன். எதற்கும் திறக்கவில்லை. ஒரு அப்பனுக்குத் தன் வீட்டிலேயே திறக்காத கதவு!

அப்புறம் விண்டோஸ் பக்கம் போய்ப் பேக்கப் எடுத்தேன். அருமையாக வந்தது. அவளுடைய மார்க் ஷீட், ஆதார், ஜாதகம், காலேஜ் டூர் போட்டோ, ஒன்று விடாமல். பச்சை டிக். அப்போதுதான் கவனித்தேன், லேப்டாப்புக்குள் இருக்கிற டிஸ்க்கில் பாதிக்கு மேல் பெயரே இல்லாத ஒரு இடம். உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டவில்லை. ஒன்றும் இல்லாதது போலத்தான் காட்டியது. இந்தப் பக்கம் இடம் இல்லாமல் திணறுகிறது, அந்தப் பக்கம் இவ்வளவு இடம் வீணாகக் கிடக்கிறது. அதை எடுத்துவிட்டு ஃபார்மட் பண்ணி இந்தப் பக்கத்தோடு சேர்த்துவிட்டேன். சாதா ஃபார்மட் இல்லை, முழு ஃபார்மட். நான் எதையும் அரைகுறையாகச் செய்வதில்லை. நாள் முழுக்க ஓடியது.

மறுபடி ஆன் பண்ணினால் பட்டியல் வரவில்லை. கறுப்புத் திரையில் ஏதோ ஒரு சின்ன வார்த்தை, பக்கத்தில் ஒரு கோடு சிமிட்டிக்கொண்டே இருக்கிறது. எதையோ எங்கே எங்கே என்று கேட்கிற மாதிரி. கொஞ்சம் பயந்துதான் போனேன். வீடியோ பார்த்துப் பார்த்து அதையும் சரி பண்ணினேன். இப்போது ஆன் பண்ணினால் நேராக விண்டோஸுக்குப் போய்விடும். எந்தப் பக்கம் என்ற கேள்வியே கிடையாது.

அவள் வீட்டுக்கு வந்தாள். பாதி ஆளாகிவிட்டிருந்தாள். புறங்கையில் ஊசி குத்தின இடத்தில் பிளாஸ்திரி. கட்டிலில் உட்கார்ந்து லேப்டாப்பை மடியில் வைத்து ஆன் பண்ணினாள். நான் வாசற்படியில் நின்றேன், ஆச்சரியப்படுவாள் என்று. அணைத்தாள். திரும்ப ஆன் பண்ணினாள். திரும்ப அணைத்தாள்.

"அப்பா, லிஸ்ட் வரலையே."

"இனி வராது கண்ணு. செரி பண்ணீட்டேன். எடமும் ரெண்டு மடங்கு ஆயிருச்சு, பாரு."

எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டே மேஜைக்குப் போய் டிராயரைத் திறந்தாள். துணி இருந்தது. பொட்டலங்கள் இருந்தன.

"அது பரண்ல ஓடீட்டு இருக்குது" என்றேன். "உன்ற பேக்கப்பே அதுலதான் இருக்குது."

நிற்கவே முடியாதவள், ஏணியைச் சாத்தி மேலே ஏறினாள் சார். மரகதம், "விழுந்துருவ அம்மிணி, இறங்கு, இறங்கு" என்று கத்துகிறாள். இவள் மேலே போய் இந்தப் பெட்டிமேல் காதை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. உள்ளே மின்விசிறி சுற்றுகிற சத்தம்தான் வரும், வேறென்ன வரும்? அழுதாளா என்றால் அதுவும் இல்லை. அழுதிருந்தால் ஒரு வார்த்தை சமாதானம் சொல்லியிருப்பேன்.

இறங்கி வந்து என்னிடம் ஒன்று கேட்டாள். அதுதான் கடைசியாக என்னிடம் பேசியது. "நீங்க எதையுமே தொலச்சதில்ல, இல்லீங்களாப்பா?"

"ஒண்ணுகூட இல்ல கண்ணு" என்றேன். அவளுக்கு அது புரிந்ததே என்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

நான் சும்மா இருக்கவில்லை சார். தப்பு என்று தெரிந்ததும், தப்பு என்ன தப்பு, அவளுக்கு வருத்தம் என்று தெரிந்ததும், இரண்டு டிஸ்க்கையும் தூக்கிக்கொண்டு கோயமுத்தூரில் அழிந்ததை மீட்டுக் கொடுக்கிற கடைக்குப் போனேன். அவன் பார்த்துவிட்டு, "சார், லேப்டாப்புக்கு முழு ஃபார்மட் குடுத்திருக்கீங்க. சாதாரணமாப் பண்ணியிருந்தா ஏதாச்சும் தேத்தியிருக்கலாம். இந்த டிஸ்க்குமேல உங்க பேக்கப்பே ஏறி உக்காந்திருச்சு. அடியில இருந்தது போனது போனதுதான்" என்றான். அவ்வளவு சுத்தமாகச் செய்திருக்கிறேன். வேறு ஆளாக இருந்தால் பாராட்டியிருப்பார்கள்.

காலேஜில் ஒரு நகல் இருக்காதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். மலையில் நெட் கிடையாது, ஃபைலோ பெரிசு, அதனால் துணுக்குத் துணுக்காகத்தான் அனுப்பியிருக்கிறாள். முழுப் பதிவு கையில் இல்லாமல் ஒன்றையும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று அந்தக் கைடு சொல்லிவிட்டாராம். திரும்ப எடுக்கலாம் என்றால் ஓடை இல்லை. தவளையும் எங்கே போனதோ. ஆராய்ச்சியை அப்படியே விட்டுவிட்டாள். உடுமலைக்காரர்களும் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். ஒரு நாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு, அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு இந்த மலைக்கே வந்துவிட்டாள். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிற வேலை. எம்.எஸ்ஸி. படித்தவள்!

ஞாயிற்றுக்கிழமை மரகதத்துக்குப் போன் பண்ணுவாள். மரகதம் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவாள். நான் கீழே இருந்து, "கேட்டதாச் சொல்லு" என்பேன். இறங்கி வந்ததும் "சொன்னியா?" என்றால், "சட்னிக்குத் தேங்காய் இல்ல" என்பாள். இதுதான் எங்கள் வீட்டில் இப்போது பேச்சு. ஒரு நாள் காலையில் பச்சை டிக் வரவில்லை. ஏறிப் பார்த்தால் மரகதம் பரண் சர்வரின் பிளக்கைப் பிடுங்கிப் போட்டிருக்கிறாள். "மூணு மழையத் தின்னுபோட்டும் இந்த மருமகனுக்கு வகுறு ரொம்பலையா?" என்கிறாள். அவளுக்கு இதெல்லாம் புரியாது.

உங்களுக்கு அவளைத் தெரியும், இல்லையா? நீங்கள் 'ஆஸ்பத்திரி ஸ்டாப்' என்று டிக்கெட் கேட்டதைப் பார்த்தேன். அதனால்தான் முன்னால் இடம் இருந்தும் உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஒல்லியாக, கண்ணாடி போட்டு. ஆமாம், அவளேதான். எப்படி இருக்கிறாள்? தனியாகத்தானே இருக்கிறாள்? யாரும் வந்து போகிறார்களா? இல்லை, சும்மா கேட்டேன்.

சாயங்காலத்தில் அந்த ரிசார்ட் காம்பவுண்ட் சுவர் ஓரமாக நிற்கிறாளா? மழையிலுமா? என்ன பண்ணுகிறாள் அங்கே? தலையைச் சாய்த்துக்கொண்டு சும்மா நிற்கிறாளா... காற்று வாங்குவாளாக இருக்கும். சின்ன வயசிலிருந்தே அவளுக்குக் காற்று வேண்டும். பஸ்ஸில்கூட ஜன்னல் சீட்டுதான் கேட்பாள்.

நான் இறங்க மாட்டேன் சார். அப்பா வந்தால் இந்த வேலையையும் விட்டுவிட்டு வேறெங்காவது போய்விடுவேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாளாம். எங்கே என்றுகூடச் சொல்லாமல் போய்விடுவாளாம். அதனால் நான் வால்பாறை வரைக்கும் போய்விட்டு அடுத்த பஸ்ஸில் மலை இறங்கிவிடுவேன். இந்தப் பெட்டியை மட்டும் நீங்கள் அவளிடம் கொடுத்துவிட வேண்டும். இந்த ஒரு உதவி. வேறு யாரையும் எனக்கு இங்கே தெரியாது.

வெறும் பெட்டி இல்லை. அவளுக்குப் போனதையெல்லாம் திரும்பச் சேர்த்துவிட்டேன்.

ஆமாம் சார். இந்த மழைக்காலம் முழுக்க அதுதான் என் வேலை. சாயங்காலம் மழை விட்டதும் டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். ஆழியாறு வாய்க்கால், குளத்துமேடு, கோயில் தெப்பக்குளம், கல் குவாரிப் பள்ளம் என்று ஒரு இடம் பாக்கி இல்லை. போனைக் கம்பில் கட்டித் தண்ணீருக்குமேல் நீட்டிக்கொண்டு நிற்பேன். வாய்க்காலோரம் குடிக்க வந்தவர்கள், "பெருசு, மீன் கெடைக்குதா? கொழுக்கட்ட செஞ்சு போட்டா வருமுங்க" என்று கேலி பண்ணுவார்கள். ஒருத்தன் எனக்காகத் தவளை மாதிரிக் கத்தியே காட்டினான். நன்றாகத்தான் கத்தினான். அதையும் எடுத்துக்கொண்டேன், எதற்கும் இருக்கட்டும் என்று. வாய்க்கால் சேற்றில் வழுக்கி இந்த மணிக்கட்டு பிசகியது, பாருங்கள், இன்னும் வீக்கம் வடியவில்லை. எல்லாவற்றையும் மழை ஒன்று, மழை இரண்டு, மழை மூன்று என்று அவள் வைத்திருந்த மாதிரியே மூன்று ஃபோல்டரில் போட்டிருக்கிறேன். விதவிதமான தவளை. அவள் எடுத்ததைவிட அதிகமாகவே இருக்கும்.

அந்த டம்ளர்த் தவளை மட்டும் எங்கேயும் கிடைக்கவில்லை. எவ்வளவோ தேடினேன். ஆனால் எனக்கு அந்தச் சத்தம் அப்படியே காதில் இருக்கிறது சார், ஒரே ஒரு தடவைதான் கேட்டேன், எப்படி ஒட்டிக்கொண்டதென்று தெரியவில்லை. குளிக்கும்போது கேட்கிறது. பஸ்ஸில் உட்கார்ந்தால் கேட்கிறது. அதனால் மரகதம் கோயிலுக்குப் போன நேரமாகப் பார்த்துச் சமையலறையில் உட்கார்ந்து நானே செய்தேன். எவர்சில்வர் டம்ளர், ஸ்பூன் காம்பு. வெறும் டம்ளர் என்றால் சத்தம் கூர்மையாக இருக்கிறது. கால் டம்ளர் தண்ணீர் ஊற்றினால் சரியாக இறங்கி வருகிறது. பின்னால் குழாயைத் திறந்துவிட்டேன், ஓடை ஓடுகிற மாதிரி. எத்தனையோ தடவை தப்பாகி, திரும்பத் திரும்பத் தட்டி, கடைசியில் ஒன்று அச்சு அசலாக வந்துவிட்டது. கேட்டதும் எனக்கே உடம்பு சிலிர்த்துவிட்டது. அதைத்தான் மழை மூன்றில் முதலில் வைத்திருக்கிறேன். திறந்ததும் அவளுக்குக் கேட்கட்டும்.

இதை மட்டும் அவளிடம் சொல்லாதீர்கள். கடைக்காரன் மீட்டுக் கொடுத்தான் என்று சொல்லுங்கள். இரண்டு பக்கமும் இருக்கிறது என்று சொல்லுங்கள். அதைத்தானே அவள் கேட்டாள், இரண்டு பக்கமும் வேண்டும் என்று. இருக்கிறது. அவள் இதை வைத்துத் திரும்பக் காலேஜுக்குப் போகலாம். அந்தக் கைடு எடுத்துக்கொள்வார். இத்தனைக்கும் பார்க்காத தவளைதானே.

ஸ்டாப் வந்துவிட்டதா? அதோ தெரிகிறதே, அதுவா? கொஞ்சம் இருங்கள், இருங்கள் சார். பெட்டியைப் பிடித்துக்கொள்ளுங்கள், சாய்க்காமல். இன்னும் பஸ் நிற்கவில்லையே. அதற்குள் ஒன்று. உங்களுக்கும் காது இருக்கிறது, இந்த மலையில் இருக்கிறீர்கள், நீங்கள் கேட்டுச் சொல்ல வேண்டும். டம்ளர் இல்லை, இந்தக் கம்பியில் சாவியால் தட்டுகிறேன்.

டண். டண். டண்.

...

டண்.

எப்படி சார் இருக்கிறது? அவளுக்கு வித்தியாசம் தெரியுமா?

பஸ் சத்தத்தில் கேட்டிருக்காது. இன்னொரு தடவை தட்டுகிறேன்.